கிளறன்ஸின் நேர்த்தி

நேர்ந்தது நீ.
நடப்பது நான்.
எதற்கென்று மட்டும் சொல்ல மாட்டாய்.
"சொன்னாப் பலிக்காது" என்கிறாய்
கட்டாரில் இரவு வேலைக்கு நடுவில்,
பின்னால் ஏதோ எந்திரம் இரைய.

பெரியகல்லாற்றில் மூன்று மணிக்கு ஒழும்பினேன்.
உன் சைக்கிள் பாரில் மெழுகுதிரியை நெடுக்கக் கட்டினேன்.
உன் உயரத்துக்கு ஒன்று வாங்கச் சொன்னாய்,
கடையில் இருந்தது உன் இடுப்பு மட்டும்.
மிச்சத்தை மாதா பொறுத்துக்கொள்வா.

களுவாஞ்சிகுடி உறக்கம்.
குருக்கள்மடத்தில் ஒரு நாய்
தன் எல்லை மட்டும் குரைத்து வந்து
வேலை முடிந்ததென்று திரும்பிப் போனது.
கிரான்குளத்தில் விடிந்தது.
வலப்பக்கம் கடல் இருப்பது சத்தத்தில்,
இடப்பக்கம் வாவி இருப்பது மணத்தில்.
நடுவே தார் வீதியில்
நானும், எண்ணெய் காணாத உன் பெடலும்.

காத்தான்குடியில் பின்சில்லுக் காற்றுப் போனது.
வீதி நடுவில் பேரீச்சை மரங்கள் வரிசையாய்ப் பார்த்து நிற்க
உருட்டிக்கொண்டு போனேன்.
கடை திறந்த கையோடு ஒருவர்
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் தேடினார்.
"எங்க போறீங்க?"
"ஆயித்தியமலைக்கு."
"இந்தப் பிரேக் கட்டையோடயா?"
அதையும் மாற்றி அதற்கும் காசு எடுத்தார்.
நியாயமான காசு.

புளியந்தீவில் நடைக்காரரோடு சேர்ந்தேன்.
பதினொராவது வருடம் வெறுங்காலோடு வரும் பெலிசியா
சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நடையெண்டு நேர்ந்திருந்தாச் சில்லுக் கணக்கில வராது."
"கல்லாற்றிலிருந்து மிதிச்சது?"
"பஸ்ஸில வந்த மாதிரித்தான்."

உன்னை அழைத்துக் கேட்டேன்.
நீ யோசித்தாய். எந்திரமும் யோசித்தது போலிருந்தது.
"நான் வருவன் எண்டுதான் சொன்னனான்.
எப்பிடியெண்டு சொல்லல்ல."

நான் வருவன்.
அதில் முதற் சொல்லை
நீயும் நானும் ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும்.
இணைப்புத் துண்டிக்கவில்லை,
இரண்டு பக்கமும் காசு கரைந்தது.
"சரி வைக்கிறன்" என்றாய் மறுகா.

சைக்கிளில் ஏறவில்லை நான்.
தள்ளிக்கொண்டு நடந்தேன்.
வலையிறவுப் பாலத்தில் காற்று
ஜெபமாலை சொன்னவர்களின் பாதிச் சொற்களை
வாவிக்குள் கொட்டியது.
வவுணதீவில், முன்பு காவலரண் இருந்த வளைவில்,
பெலிசியா நின்று
கைப்பையைத் திறந்தாள்,
யாரும் கேட்கவில்லையென்று கண்டு மூடினாள்.
நான் காணாதவள் போல
சைக்கிள் மணியைத் துடைத்தேன்.
அந்த இடத்தில் இப்போது மோர்ப்பந்தல்.
இரண்டு கோப்பை குடித்தாள்.

புரட்டாதி வெயில்.
அறுத்த வயல்கள்,
கம்பி வேலி, ஆனைக்குக் கட்டியது,
அதற்கப்பால் நிற்பது மரமா ஆனையா என்று
பொடியன்கள் பந்தயம்.
மதியத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்:
மெழுகுதிரி கட்டு விட்டுத் தொங்கி
பாரின் வளைவுக்கு வளைந்திருந்தது.
நிமிர்த்தப் போனால் முறியும்.
அதன்மேல் என் ஈரத்துவாயைப் போட்டேன்.
தலைக்கு ஒன்றுமில்லை.

கொப்புளம் உடைந்த ஒரு பிள்ளையைக்
கரியரில் ஏற்றிவிட்டார்கள்.
தாயின் பெயர்கூடக் கேட்கவில்லை.
பிள்ளை என் முதுகில் கன்னம் வைக்கப் பார்த்து
நான் பக்கத்தில் நடப்பதால்
சீட்டில் தலை வைத்து உறங்கியது.
இப்போது சில்லுக் கணக்கில் வருமா என்று
பெலிசியாவைக் கேட்க நினைத்தேன்.
அவளுக்கு மூச்சு வாங்கியது. விட்டுவிட்டேன்.

இரவு மணி கேட்டது, பிறகு வெளிச்சம்,
பிறகு சனம்.
என் முறை வந்தபோது
என்ன கேட்பதென்று எனக்குத் தெரியாது.
தபாற்காரி மாதிரி நின்று
"கிளறன்ஸ் அனுப்பினது" என்றேன்.
வளைந்த திரி நிற்கவில்லை.
யாரோ ஒருவரின் நேரான திரியில் சாய்த்து வைத்தேன்.
இரண்டும் ஒன்றையொன்று உருக்கத் தொடங்கின.
அந்த யாரோ கோபிக்கக்கூடும்.

விடிய உனக்கு எழுதினேன்:
"கொழுத்தியாச்சு.
பின்பிரேக் இப்ப நல்லாப் பிடிக்குது."