செலவுப் பக்கம்

பேருந்து நிலையத்து மதிலில் நான் ஒட்டிய
முதல் விளம்பரத்தை மான் தின்றுவிட்டது.
பசை கோதுமை மாவில் காய்ச்சியது, என் பிழைதான்.
'துவாய், விரிப்பு, தலையணை உறை,
காலையில் தந்தால் மாலையில் தருவோம்'
என்றதில் கடைசிச் சொல் மட்டும் மிஞ்சி
இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது.
எதைத் தருவோம், யாருக்கு, என்ன விலைக்கு?
வீதியால் போனவர் எவரும் கேட்கவில்லை.
நானும் அதுவரை கேட்டதில்லை.

உப்புவெளியில் இரண்டு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி,
பின்வளவில் ஆறு கொடிக்கயிறு.
சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை
கடல் பார்க்க வந்தவர்களின் மணலெல்லாம்
என் தொட்டியின் அடியில்.

பிரதேச செயலகத்து மண்டபத்தில் பயிற்சி என்றார்கள்.
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்த றிஹானா மிஸ்
என்னைவிடப் பத்து வயது இளையவள்.
'ஒவ்வொரு மணித்தியாலமும் எங்க போகுதெண்டு
ஒரு கிழமை எழுதிட்டு வாங்க.'
மகனின் கணக்குக் கொப்பியில்
கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

திங்கள்: துவைக்க நான்கு. உலர்த்த ஒன்றரை.
எந்த உறை எந்த விடுதிக்கென்று
வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட இரண்டு.
செவ்வாய்: தேட இரண்டேகால்.
புதன் மழை. உலர்ந்ததைத் திரும்ப உலர்த்தினேன்,
தேடியது மட்டும் குறையவில்லை.
ஞாயிறு இரவு கூட்டிப் பார்த்தேன்.
பதினைந்து மணித்தியாலம்
யாரும் காசு தராத வேலை.

மறுநாள் டவுனுக்குப் போய் நூற்பந்து வாங்கினேன்.
லயனல் மாத்தயாவின் விடுதிக்குச் சிவப்பு,
யோகச்சந்திரன் அண்ணனுக்குப் பச்சை,
அலஸ்தோட்டத்து ஜெர்மன்காரிக்கு மஞ்சள்.
ஒவ்வொரு மூலையிலும் மூன்று தையல்.
பதினைந்து, மூன்றாகச் சுருங்கியது.
மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
முதல் நாள் கொடிகளுக்கு நடுவில்
சும்மா நின்றேன், களவெடுத்தவள் போல.

இரண்டாம் வகுப்பில் விலை.
சவர்க்காரம், கரண்ட், தண்ணீர், ஓட்டோ
எல்லாம் எழுதிக் கோடு கீறிவிட்டேன்.
'இதில உங்கட கூலி எங்க?'
என் பக்கத்தில் கருவாடு பொதி செய்பவள்,
அவளுக்கு அங்கால் போட்டோக் கொப்பிக்காரர்,
எவருடைய தாளிலும் அந்த வரி இல்லை.
'வீட்டு ஆக்கள்ற வேலைதானே' என்றார் அவர்.
'வீட்டு ஆக்களுக்குப் பசிக்காதா?' என்றாள் மிஸ்.
மேலே மின்விசிறி மட்டும் பதில் சொன்னது.

என் கூலி என்று எழுதினேன்.
எதிரே எண் எழுதக் கை வரவில்லை.
பென்சிலால் எழுதினேன், அழித்தேன்,
குறைத்து எழுதினேன்.
பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.
'பேனையால எழுதுங்க.'

விரிப்புக்கு முப்பது ரூபாய் கூடியது.
ஜெர்மன்காரி பேசாமல் தந்தாள்.
யோகச்சந்திரன் அண்ணன் நாலு நாள் பேரம் பேசி
இருபதில் நின்றார்.
லயனல் சிரித்தபடி சரி என்றார்,
அதன்பிறகு அவருடைய மூட்டை வரவேயில்லை.
சிவப்பு நூற்பந்து அப்படியே கிடக்கிறது.

இப்போது விளம்பரம் நளீமின் ஓட்டோவின் முதுகில்,
மான் எட்டாத உயரத்தில், மூன்று மொழியில்.
சிங்களத்தில் விட்ட எழுத்துப் பிழையைத்
திருத்தித் தந்தவர் இன்று என் வாடிக்கையாளர்.
நளீமுக்குக் காசு இல்லை,
உடுப்புத் துவைத்துக் கொடுக்கிறேன்.
அதுவும் கொப்பியில் ஏறுகிறது:
விளம்பரச் செலவு, மூன்று சட்டை.

ஐப்பசி பிறந்து வாடை இறங்கியதும்
விடுதிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.
கொடிக்கயிற்றில் எங்கள் வீட்டு உடுப்பு,
அதுவும் ஈரம்.
வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை.
செலவுப் பக்கத்தைத் திருப்பி
என் கூலி என்று எழுதினேன், பேனையால்,
சித்திரையில் எழுதிய அதே எண்.
பக்கத்தில் சின்னதாய் ஒரு குறிப்பு:
கடை எனக்குத் தர வேண்டியது.