முப்பத்துநாலு கிலோபைட் நிலவு

கல்லடியில், எங்கள் ஐஸ் கொம்பனியில்
கரண்ட் போய் வந்தால்
முதலில் கொம்பிறசர் உறுமும்.
நாலு நிமிஷம் கழித்து
கணினி கண் விழிக்கும்.
விழித்ததும் அதற்கு
தொண்ணூற்றெட்டு, தை முதலாம் திகதி.
வயிற்றுக்குள் காசளவு பற்றரி ஒன்று
செத்துக் கிடக்கிறது.

திரையின் வலது கோடியில்,
நேரம் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில்
பயறளவில் ஒரு நிலவு.
இரண்டு தட்டுத் தட்டினால்
நெருப்புப்பெட்டி அகலத்தில் ஒரு சன்னல்.
கறுப்பில் வெள்ளையாய் அன்றைய பிறை,
கீழே ஒரு சதவீதம்,
திகதி எழுத ஒரு கட்டம்.
வேறொன்றும் செய்யத் தெரியாது அதற்கு.

மேர்வின் செல்லர் பிளொப்பியில் கொண்டுவந்து போட்டவர்.
"முப்பத்துநாலு கிலோபைட்தான், மிஸ்.
உங்கட ஐஸ் கணக்கு
இதைவிட முப்பது மடங்கு பாரம்."

எங்களுக்கு நிலவும் கணக்குத்தான்.
இருட்டென்றால் இறால்.
இறாலென்றால் விடியமுன் வாசலில்
றெஜிஃபோம் பெட்டிகளோடு ஆட்டோ வரிசை.
பூரணைக்கு
நாற்பது கட்டியும் போகாது,
தண்ணீராய்ப் போகும் லாபம்.

ஆனால் கரண்ட் வந்த கையோடு
அது காட்டுவது
எப்போதும் அதே மூன்றாம் பிறை.
கண்டால் நல்லதென்பார்கள்.
மாரியில் ஒரே நாளில் நாலு தரம் கண்டிருக்கிறேன்.
சம்பளம் கூடவில்லை.

பூநொச்சிமுனை சபூர்தீன் காக்கா
ஒருநாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
விரல் மடித்து எண்ணினார்.
"இது நோன்பு தொடங்கின கிழமைப் பிறை, புள்ள.
உண்ட மெசின் இருபது வருஷமா
நோன்பு துறக்காமக் கிடக்கு."

நான்தான் அதற்கு இன்றைய திகதியைச் சொல்ல வேண்டும்.
சொன்னதும் கோபிக்கும்:
உங்கள் முப்பது நாள் தவணை முடிந்து
ஏழாயிரத்து எண்ணூறு நாட்கள்,
பதினைந்து டொலர் அனுப்புக.
ஏதோ ஒரு குளிர்நாட்டுத் தபால்பெட்டி இலக்கம்.
ஆனாலும் எழுதியவன்
'பிறகு' என்றும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறான்.
கடன் கொடுத்துப் பழகியவனாய் இருக்கும்.
எங்கள் கொப்பியிலும்
பாதிப் பெயர்களுக்கு நேரே அதுதான் எழுதியிருக்கிறது.

துஷ்யந்தன் லொறியில் கட்டி ஏற்றுகிறவன்.
நாவலடிப் பொடியன்.
பொடியன் என்ன, முப்பத்தொன்பது.
மத்தியானம், கை துடைத்த சாக்கோடு
கதவடியில் வந்து நின்றான்.
"பழைய நாளும் காட்டுமா அக்கா?"
"காட்டும்."
"இருபத்தாறு. பன்னிரண்டு. நாலு."

ஒவ்வோர் இலக்கமாக அடித்தேன்.
கடைசி இலக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

முழு வட்டம்.
நூறு சதவீதம்.
அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவன் குனிந்து பார்த்தான்.
சன்னலின் வெள்ளை
மூக்கு நுனியில் விழுந்தது.
"சரியாத்தான் காட்டுது.
முதல் நாள் இரவு
லைற் இல்லாமலே வலை பொத்தினம்,
நானும் தம்பியும்.
கண்ணி கண்ணியாத் தெரிஞ்சது."
பிறகு, "பதினெட்டுக் கட்டி பாசிக்குடாவுக்கு,
பில்லைத் தாங்க" என்றான்.

பில்லைக் கொடுத்தேன்.
திகதியைத் திருப்பி இன்றைக்குக் கொண்டுவரக்
கை போகவில்லை.
லொறி வாசலைத் தாண்டும்வரை
அந்த வட்டம் அப்படியே இருந்தது.
வரவு எழுதும் கட்டங்களுக்கு மேல்
இடைஞ்சலாய்,
துளியும் தேயாமல்.

பின்னேரம் மூன்றே காலுக்கு
கரண்ட் தானே போனது.

கொம்பிறசர். நாலு நிமிஷம்.
தை ஒன்று, மெலிந்த பிறை.
திகதியைச் சொன்னேன்.
பதினைந்து டொலர் கேட்டது.
பிறகு.
மூலையில் பயறு கறுத்தது,
ஓரத்தில் மயிரிழைகூட இல்லாமல்.

தொலைபேசியை எடுத்து
உள்ளே சொன்னேன்:
இரவைக்கு இருட்டு.
நூற்றறுபது கட்டி.