நெய் விரல்

எவர்சில்வர் நிறம் மாறாது என்பது
பாத்திரக்கடைப் பேச்சு.
பேட்டையில் என் பட்டறைக்கு வந்து பாருங்கள்.
என்ஜினை விட்டு இறங்கும் முதல் வளைவில் வைக்கோல் நிறம்,
ஒரு சாண் தள்ளிக் கத்தரிப்பூ,
அப்புறம் மயில்கழுத்து.
வால் பக்கம் போகப் போகத்தான்
டம்ளர் வெள்ளை.

ஐசக் துரைப்பாண்டி முதலில் கேட்டது கண்ணாடி.
'மொகம் தெரியணும் தாயி.'
அறுபத்தாறாம் வருடத்து ஹெரால்டு,
பாளையங்கோட்டையில் நாலு வருடமாய்ச்
செங்கல் மேல் நிற்கிறது.
பழைய சைலன்சர் குழாய் உதிர்ந்துபோக
இதைப் புதிதாய் வளைத்து வாங்கினார்.
வெல்டு வாய்களில் பேஸ்ட் தடவிக் கழுவி,
நூற்றெண்பதாம் நம்பர் தாளில் தொடங்கி
அறுநூறு வரை தேய்த்து,
பச்சைக் கட்டி பூசிய பஃப் சக்கரத்தில்
மூன்று நாள்.
காஜா குனிந்து பல் பார்த்தான்.
பல்லிடுக்குக் கீரை தெரிந்தது.

கையுறை கொடுத்தேன்.
மாட்டும் முன் அசிட்டோன் துணியால்
ஒருதரம் துடைத்துவிடுங்கள் என்றேன்.
கையுறை போட்டார். துடைக்கவில்லை.

டிசம்பர் இருபது.
செங்கல் மேல் நின்றபடியே
முக்கால் மணி நேரம் என்ஜினை ஓட்டியிருக்கிறார்.
மறுநாள் காலை குழாய்
சாக்கில் சுற்றித் திரும்பி வந்தது.
'சூடு பட்டா பூத்துரும்னு சொன்னேன்லா அண்ணாச்சி.'
'அப்பம் கறுப்பு அடிச்சிரு.'

கறுப்பு என்றால் செராமிக்.
அடுப்பில் இருநூற்று முப்பது டிகிரி, ஒரு மணி நேரம்,
ஈபிக்காரர்கள் மனது வைத்தால்.
அதற்கு முன்
மூன்று நாள் ஏற்றிய பளபளப்பை
மணல் பீய்ச்சிக் கொல்லவேண்டும்.
வழுவழுப்பில் பூச்சு நிற்காது,
சொரசொரப்பைத்தான் பிடித்துக்கொள்ளும்.
'மனுசருக்கும் அப்படியாக்கா?' என்றான் காஜா.
வேலயப் பாருல என்றேன்.

சாக்கை உருவித் திருப்பியபோது,
கத்தரிப்பூ முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில்
நாலு விரல், மறுபக்கம் பெருவிரல்.
பத்திர ஆபீஸ் மையில் உருட்டியதுபோல்
ரேகை ரேகையாய்.

எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சூடு ஏறினால்
தடம் உள்ளேயே வெந்துவிடும்.
துடைத்தால் போகாது.
தோலைச் சீவுகிற மாதிரி
இரும்பைச் சீவினால்தான் உண்டு.

'வடை தின்னுட்டுத் தொட்டியால?'
காஜா கையை வைத்துக் காட்டினான். பெரிது.
என்னுடையதும் சேரவில்லை.
துரைப்பாண்டி விரல் விரலாய் வைத்துப் பார்த்தார்,
சுண்டுவிரல்கூடத் தடத்தைத் தாண்டி நின்றது.
பிறகு அந்தப் பெருவிரல்.
ரேகைக்குக் குறுக்கே
அரிவாள்மணை வெட்டின பழைய கோடு.
அதைக் கண்டவர் எழுந்து வாசலுக்குப் போய்
எதிர் மில்லில் லாரி பின்னால் வருவதைப்
பார்த்துக்கொண்டு நின்றார்.
லாரி உள்ளே போய்விட்டது.
அவர் நின்றார்.

'பத்தொம்பதாம் தேதி ராத்திரி
வீட்டுல முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிச்சா.
நெய் தொட்டுப் பிடிக்கது.'

ஞானசௌந்தரி.
நாலு வருடமாய்ச் செட்டுப் பக்கமே வராதவள்.
பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுக்கு
பென்ஷன் காசைப் போடுதீரே என்பாளாம்.

தொட்டுப் பார்த்தாளா,
வழியில் கிடந்ததைத் தள்ளிவைத்தாளா,
எவர்சில்வரில் அது பதியாது.
தானும் கேட்கப்போவதில்லை என்றார்.

'அந்த அஞ்சு இஞ்சு மட்டும் அடிக்காண்டாம்.'
'வண்டிக்கு அடியில வருத எடம் அண்ணாச்சி.
நிழலுக்குப் படுக்க நாய்க்குத்தான் தெரியும்.'
'தெரிஞ்சிட்டுப் போட்டும்.'

சூடு தாங்கும் டேப்பை
அந்த இடத்தில் மூன்று சுற்று சுற்றினேன்,
கையுறை போட்டுக்கொண்டு.

மாலையில் பில் எழுதினேன்.
பாலிஷ் ஏற்றியது, பாலிஷ் இறக்கியது,
கோட்டிங், டேப்.
டேப்புக்கு நூற்றிருபது ரூபாயா என்று இழுத்தார்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.