பல் விழாத வீரர்கள்

முதலில் பற்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.
ஏழாம் மாடியிலிருந்து எறியப்பட்டு
ஒரு பஸ்ஸைத் துளைத்து மறுபக்கம் வருகிறவன்
வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான்.
முப்பத்திரண்டும் அப்படியே.

பதினெட்டு வருடமாய் வினிபெக்கில்
ஊரார் வாய்க்குள் குனிந்து பிழைப்பவள் நான்.
ஐஸில் வழுக்கியவர்களே
முன்பல்லைப் பால் கப்பில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.
ஆகவே மூன்றாம் பாகத்தோடு
பறக்கிறவர்களை நம்புவதை விட்டுவிட்டேன்.
டிக்கெட் எடுப்பதை விடவில்லை,
அது வேறு விஷயம்.

வானத்தில் ஓட்டை விழும் கடைசி அரைமணி நேரம்
நித்திரைக்கு நல்லது.
எனக்குப் பிடித்தது அதற்கும் முன்னால்:
முகமூடியைத் துவைக்கப் போட்டுவிட்டு
மெஷின் நிற்கும்வரை அவன் சும்மா நிற்கிற
நாற்பது விநாடி.
அடுத்த பாகத்தில் அதைத்தான் வெட்டுவார்கள்.

தொலைக்காட்சி இன்னும் மோசம்.
விண்கலத்தின் கதவு திறக்கிறது,
யாரோ நிற்கிறார், முகம் தெரியவில்லை,
இரண்டாம் சீசன் முடிகிறது.
அத்தோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள்.
ஒன்பது வருடமாய் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.
குளிர் வராதா உள்ளே?

ஐம்பது வயதில் பொம்மை ஒட்டுகிறாயே
என்று ரூபதாஸ் பகிடி பண்ணுவார், என் கணவர்.
பொம்மை இல்லை, கிட்.
முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டு.
கிளினிக்கில் கழித்துவிட்ட கொக்கி ஊசியால்
அச்சுத் தழும்பைச் சுரண்டி எடுத்தால்
ரோபோவின் தோள்மூட்டு வழவழவென்று வரும்.
நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத்துக்கும் வர்ணம் பூசித்தான்
மூடி ஒட்டுவேன்.
ஆர் பார்க்கப்போகினம் என்கிறார்.
கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் நான் சுத்தம் செய்வதை
ஆர் பார்த்தவை?

மல்யுத்தத்தை மட்டும் பொய் என்று சொல்லாதீர்கள்.
சூரன் போருக்குப் போகிறவர்கள்
முடிவு தெரியாமலா போகிறார்கள்?
விழுகிறவன் நிஜமாய் விழுகிறான். பலகை பலகைதான்.
அடிக்கிறவனை விடுங்கள்,
தூக்கி எறியப்படுகிறவனின் கையைப் பாருங்கள்:
எறிகிறவனின் இடுப்பு பிசகாமல்
எவ்வளவு பக்குவமாய் எழும்பிக் கொடுக்கிறான்!

மாதத்தில் ஒரு சனி
செல்கேர்க் வீதியில், உக்ரேனியர் மண்டபத்தில்.
எங்கள் வட்டாரத்து வில்லன் பெயர்
'பார்க்கிங் டிக்கெட்'.
மஞ்சள் மேலங்கி, கையில் அபராதப் புத்தகம்.
தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைக்கும் எழுதுவான்.
போன சனி எனக்கு எழுதினான்:
மூன்றாம் வரிசை, அதிக சத்தம், நாற்பது டொலர்.
நான் தமிழில் திருப்பிச் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

செவ்வாய் பத்தேகாலுக்கு
என் கதிரையில் வந்து படுத்தான்.
பெயர் வெஸ்லி. தொழில், கூரை வேலை.
கீழ்வரிசையில் ஒரு பல் பாதியாய் முறிந்திருந்தது.
எப்படி நடந்தது?
படியில் விழுந்தேன், என்றான்.

படியாவது.
மூலைக் கம்பம், இரண்டாவது ஆட்டம்,
நான் எழும்பி நின்று கைதட்டினேன்.

டொக்டர் ஊசியை எடுத்ததும்
நூற்றிருபது கிலோவும் வெளிறிப்போனது.
தேடி வந்து என் கையுறையைப் பிடித்தான்.
இறுக்கவில்லை.
விழும்போது மற்றவனைப் பிடிக்கிற அதே பிடி,
நோகாத பிடி.

வேலை முடிய, மரத்த உதட்டோடு
நன்றி சொல்லப் பார்த்தான்; எச்சில்தான் வந்தது.
என் கைப்பைக்குள் அவன் எழுதிய சீட்டு இருந்தது.
எடுத்து நீட்டியிருக்கலாம்,
இரண்டு பேரும் சிரித்திருக்கலாம்.
ஆனால் வருகிற மாதம்
மண்டபம் முழுக்க அவனை வெறுக்க வேண்டும்,
மூன்றாம் வரிசை உட்பட.

இரண்டு வாரத்துக்குக் கடினமாய் ஒன்றும் கடிக்காதீர்கள், என்றேன்.
தலையாட்டினான்.
கதவு வரை போனவனைக் கூப்பிட்டு
இன்னொன்றும் சொன்னேன்:
படியில் கவனம்.