அடித்தண்ணீர்

மூச்சிருந்தால் பழுப்பேறும்.
இரண்டு மருந்தையும் விட்டு, மூடி, குலுக்கி,
குப்பியை வெயிலுக்கு எதிரே பிடிக்கிறேன்.
பரங்கிப்பேட்டைக்குக் கிழக்கே, எண்பது மீட்டர் ஆழத்துத் தண்ணீர்.
வெள்ளையாகவே நிற்கிறது.

"பாலாட்டம் இருக்கே, நல்லதாம்மா?"
எஞ்சினை அணைக்காமல் கேட்கிறார் கலியவரதன்.

ஆய்வகத்து மேசையில் ஒரு கல் கிடக்கிறது.
இருபத்தைந்து கோடி வருடத்துக் கறுப்பு.
விரற்கடை அகலத்துக்குள் நூறு கோடு,
ஒன்றை ஒன்று தொடவில்லை.
அழகு என்றுதான் முதலில் நினைத்தேன்.
சாவெல்லாம் முடிந்த பிறகும் சூடு ஆறவில்லை;
வெந்நீரில் காற்று தங்காது.
கலைக்க ஒரு புழு இல்லாத சேறு
படிந்தது படிந்தபடி இறுகியிருக்கிறது.

வெள்ளாற்று முகத்துச் சேற்றைப் பாருங்கள்,
வளையும் எச்சமும் கொக்குக் கால்தடமுமாய்
என்ன ஒரு அலங்கோலம்.

"இன்னொரு தரம் எடுத்துடலாம்ணே."
"டீசல் அரை கேன்தான் இருக்கு."
சொல்லிக்கொண்டே கயிற்றை விடுகிறார்.

ஏறி வந்த கயிற்றில்
குழாய்க்கு மேலே, வெகு மேலே,
எல்லாக் காலாலும் இறுக்கிப் பிடித்தபடி
ஒரு நண்டு.

பிய்த்தெடுத்து உள்ளங்கையில் வைத்திருக்கிறார்.
திரும்பக் கடலில் விடுவதா என்று
என்னைப் பார்க்கிறார்.