கடைசி ஆளுக்குப் பின்னால்

கல்லணையில் கிளம்பும்போது பதினான்கு சைக்கிள்.
அமைப்பாளர் என் காதில் போட்டது ஒரே விதி:
அண்ணே, கடைசி ஆளை மட்டும் முந்திடாதீங்க.

மன்னார்குடி சாமியானாக் கடைக்கு
நாற்காலி சுமந்து பழகிய குட்டியானை இது.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே வேகம்.
மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் என்றால் என்னவென்று
இந்த மூன்று நாளில்தான்
அதன் கிளட்சுக்கும்
என் இடது முழங்காலுக்கும் தெரிந்தது.

பின்னால் இருபத்தாறு டியூப், இரண்டு பம்பு,
ஒரு டிரம் உப்புச் சர்க்கரைத் தண்ணீர்,
நீடாமங்கலத்தில் பாதி தீர்ந்துபோன பூவன் தார்,
சங்கிலிக்கு எண்ணெய், தொடைக்குத் தைலம்.
இருட்டில் ஒருமுறை இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.
அந்த ஆள் இன்னும் என்னோடு பேசவில்லை.
சங்கிலி மட்டும் யூகலிப்டஸ் மணக்க ஓடுகிறது.

மேட்டூர் திறக்காத வைகாசி.
பாலத்தில் டயர் தடதடத்தால்தான்
ஆறு வந்தது என்று தெரியும்.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு:
எல்லாம் மணல், கொஞ்சம் கருவேலம்,
நடுவில் கட்டிப்போட்ட ஒரு எருமை.

எனக்குப் பெயர்கள் தெரியாது.
ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை துணி.
தண்ணீர் நிரப்பும்போது நான் பாட்டிலைத்தான் பார்க்கிறேன்.
முதுகுகள் தெரியும்.
வலது தோள் தாழ்ந்த முதுகு.
பத்து மணிக்கெல்லாம் வியர்வையில்
இலங்கையை வரைந்துவிடும் முதுகு.
இடும்பாவனம் தாண்டி, யாருமில்லாத வளைவில்,
ஒரு சிவப்புச் சட்டை குலுங்கியது.
இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஹாரன் அடிக்காமல்
கொஞ்சம் தூரம் விட்டுப் போனேன்.

கடைசியில் எப்போதும் பச்சை முதுகு.
பரக்கத் நிஷா என்று அவள் பையில் ஒட்டியிருந்தது.
ஆயக்காரன்புலத்தில் முட்டிக்குத் துணி கட்டினாள்.
ஏறிக்கங்க, இடமிருக்கு என்றேன்.
பழம் இருந்தா குடுங்க என்றாள்.

அகஸ்தியம்பள்ளி விட்டால் மரம் நின்றுவிடும்.
இருபக்கமும் உப்புப் பாத்தி,
தார்ப்பாய் போர்த்திய உப்பு அம்பாரங்கள்,
எதிரே நெஞ்சில் கைவைத்துத் தள்ளும் சோழகக் காற்று.
மற்ற பதின்மூன்றும் புள்ளியாகி, புள்ளியும் போனது.
என் முள் எட்டுக்கு இறங்கியது.
ஆறுக்கு.

அப்போதுதான் விதியை மீறினேன்.
முந்திப் போய், அவளுக்கு முன்னால்,
வண்டியைச் சுவராக்கி ஊர்ந்தேன்.
காற்று என் மேல் மோதட்டும்,
கம்பெனி வண்டிதானே.

கண்ணாடியில் ஒரு கை எழுந்தது.
நன்றி என்று நினைத்தேன்.
அது விலகு என்ற கை.
"அண்ணே, என் காத்து அது!"

ஓரம் கட்டினேன்.
ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனாள்.
காது சூடாகிவிட்டது எனக்கு.
மறுபடி பின்னால். மறுபடி முதல் கியர்.

பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டேன்.
அவள் நிழல் சட்டென்று எழுந்து
அவளுக்கு முன்னால் தார்ச்சாலையில் நீண்டு கிடந்தது,
தென்னை உயரத்துக்கு.
அவள் அதைத் துரத்தினாள்.
நான் கிட்டே போனால் அது குறுகும்,
விலகினால் நீளும்.
இதற்கு மட்டும் அவள் கை எழவில்லை.
கோடியக்காடு வரைக்கும் அந்த நீளத்தை
ஒரே அளவாய்ப் பிடித்திருந்தேன்.
வண்டி ஓட்டிய இருபது வருஷத்தில்
இப்படி ஓட்டியதில்லை.

கோடியக்கரையில் கைதட்டல், யாரோ வெடித்த சோடா,
மணலில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்கள்.
எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.
டியூப் மிச்சம் ஒன்பது.
போட்டோ எடுக்கப் போனை என்னிடம் கொடுத்தார்கள்.

ஹெல்மெட் இல்லாமல், துணி இல்லாமல்
பதினான்கு முகங்கள் சிரிக்கின்றன.
யாரையும் எனக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிறகு கேட்டேன்:
எல்லாரும் ஒரே ஒருதரம்
அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்களேன்.