எட்டு இரவு கையசைத்தேன்

குட்ருன் வீட்டுச் சமையலறை விளக்கு
மூன்று நாற்பதுக்கு எரிந்தது.
அணைந்தது.
ஒன்பது இருபதுக்கு மறுபடி.
என் ஜன்னலுக்கும் அவள் ஜன்னலுக்கும் முப்பதடி.
கையசைத்தேன்.
பதில் இல்லை.

வார்டோவில் டிசம்பருக்குச் சாயங்காலம் கிடையாது.
நவம்பரில் போகும் சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் எட்டிப்பார்க்கும்.
அப்படியிருக்க, ஒரு விளக்குக்கு
மாலை வந்துவிட்டதென்று யார் சொன்னது?
யோசித்திருக்க வேண்டும்.
யோசிக்கவில்லை,
கோபம்தான் வந்தது.

இரண்டாம் நாள் போய்க் கதவைத் தட்டினேன்.
கையில் காகிதம் சுற்றிய காட் மீன்.
உள்ளே வெளிச்சம், ஆள் வரவில்லை.
தட்டிக்கொண்டிருக்கும்போதே
என் முகத்துக்கு நேரே விளக்கு அணைந்தது.
முகத்தில் அடித்தாற்போல் என்பார்களே,
அது இதுதான்.

மீனை நானே தின்றேன்.
தின்றுகொண்டே கணக்குப் பார்த்தேன்:
போன கோடையில் அவள் படகுக் கயிற்றை
என் மோட்டார் அறுத்தது.
தேவாலயத்துக் காப்பி விருந்தில்
அவள் கேக்கைக் காய்ந்துவிட்டது என்றேன்.
காய்ந்துதான் இருந்தது.

பனிக்கு இந்த மனத்தாங்கல் எதுவும் தெரியாது.
அவள் வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கொட்டியது.
கோபத்தோடே வாரினேன்.
கோபத்தில் வாரிய பாதை
நூல் பிடித்தாற்போல் நேராக வரும்,
இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.
எட்டு இரவு.
ஒவ்வோர் இரவும் வேலை முடிந்து
மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு
வெட்கம் கெட்டு ஒரு தடவை கையசைத்தேன்.

ஒன்பதாம் நாள் டாக்ஸியில் வந்து இறங்கினாள்.
மூக்கு சிவந்து, தோல் உரிந்து,
நெற்றி முழுக்கக் கனாரித் தீவின் வெயில்.

"சுவிட்ச்" என்றாள்.
"சுவரில் பதித்தது. ஆள் இல்லாதபோது
ஆள் இருப்பதுபோல்
தன் இஷ்டத்துக்கு ஏற்றி அணைக்கும்.
திருடன் ஏமாறுவான்."
வார்டோவில் யார் திருடன் என்று கேட்டேன்.
அவளும் கொஞ்சநேரம் யோசித்தாள்.

கட்டைவிரல் அகலத்தில் ஒரு திரை.
அதில் நம் ஊரைப் போட்டால்
அந்தி நேரம் வரவேண்டிய இடத்தில்
வெறும் கோடு கோடாய்க் காட்டியதாம்.
"அதனால் பெர்கன் என்று சொல்லிவிட்டேன்."

ஆக, எட்டு நாளும் எங்கள் தெருவில்
பெர்கன் நகரத்துப் பொழுது சாய்ந்திருக்கிறது.
அதற்கு நான் கையசைத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியும் அவளுக்கு
அந்த விளையாட்டை நிறுத்தத் தெரியவில்லை.
உருளைக்கிழங்கு உரிக்கையில் இருட்டாக்கும்.
தூங்கப்போனால் ஏற்றும்.
நள்ளிரவுக்கு மேல் மட்டும் தொடாது,
அவ்வளவு மரியாதை அதற்கு இருந்தது.
நான் கையசைப்பதை விட்டுவிட்டேன்.
விளக்கு எரிந்தால் அவளா அதுவா,
யாருக்குத் தெரியும்.

பிறகு ஒரு வியாழன்,
மூன்று பத்து, பின்னிரவு.
என் முழங்கால் என்னை எழுப்பி உட்காரவைத்திருந்தது.
எதிரே விளக்கு எரிந்தது.

மூன்று பத்துக்கு எந்தச் சுவிட்சும் ஏற்றாது.

பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன்.
கதவு பூட்டியிருக்கவில்லை.
மேசையில் விரித்த கையேடு, பூதக்கண்ணாடி,
மூன்று குண்டூசி, மூன்றும் வளைந்தவை.
"ரீசெட் துளை" என்றாள், நான் வந்தது
ஏற்கெனவே பேசிவைத்ததுபோல.
"எதுவும் உள்ளே போகமாட்டேன் என்கிறது."

கோட்டுப் பையில் தூண்டில் முள் இருந்தது.
இடுக்கியால் நிமிர்த்தினேன். அழுத்தினேன்.
திரை வெறுமையாயிற்று.
பிறகு பன்னிரண்டு மணி என்று கண்சிமிட்டியது,
பிறந்த குழந்தை மாதிரி, ஒன்றும் தெரியாமல்.

நேரம் கேட்டது, சொன்னோம்.
தேதி கேட்டது, சொன்னோம்.
ஊர் கேட்டது.
அவள் என்னைப் பார்த்தாள்.
"வார்டோ" என்றேன்.

கோடுகள் வந்தன.
அப்படியே விட்டோம்.

காப்பி போட்டாள், கேக் வெட்டினாள்.
காய்ந்திருந்தது.
இன்னொரு துண்டு கேட்டேன்.